கறுத்ததெல்லாம் டூர்மலின் இல்ல

என் ஃபீல்ட் நோட்டுல ஒரு பக்கம் இருக்கு, ஒரே கருப்புக் கல்லுக்கு ஒரே வரியில நாலு பேரு. முதல்ல "கருப்பு டூர்மலின்"னு எழுதி அடிச்சிருக்கேன், அப்புறம் "மேக்னடைட்", அதுவும் அடிச்சாச்சு, அப்புறம் "கார்னெட்?", கடைசியா ராத்திரி வேற பேனாவுல "கானைட்??". ரெண்டு கேள்விக்குறி போட்டது பயத்துலதான், ஏன்னா மறுநாள் அந்த நோட்டை சார் பாப்பாரு, அவருக்கு கேள்விக்குறி இல்லாம ஒரு அபூர்வ கனிமத்தோட பேரை எழுதினா பிடிக்காது.

முதல்ல கானைட்னா என்னன்னு சொல்லிடறேன். ஸ்பினல் குரூப்னு ஒரு குடும்பம், எல்லாருக்கும் உள்ள இருக்கிற கட்டமைப்பு ஒண்ணுதான், நாலு ஆக்சிஜனுக்கு மூணு உலோக அணு, அதுல ஒரு உலோகம் ஒரு மாதிரி இடத்துலயும் மத்த ரெண்டும் இன்னொரு மாதிரி இடத்துலயும் உக்காரும். மக்னீசியமும் அலுமினியமும் உக்காந்தா நகையில வைக்கிற ஸ்பினல், எல்லாமே இரும்புன்னா மேக்னடைட், இரும்பும் குரோமியமும்னா குரோமைட், துத்தநாகமும் அலுமினியமும் உக்காந்தா கானைட். மேக்னடைட்டை எல்லாரும் பாத்திருப்பீங்க, ஆத்து மணல்ல காந்தத்தை விட்டா மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வருமே அதுல பெரும்பாலும் இவருதான் இருப்பாரு. கானைட் அதோட பங்காளி, ஆனா எல்லா ஊர்லயும் சிக்காது.

இந்தக் குடும்பத்துக்கே ஆள்மாறாட்டம் பழகிப்போச்சு. பிரிட்டிஷ் ராஜ கிரீடத்துல முன்னாடி பெருசா பதிச்சிருக்கிற "பிளாக் பிரின்ஸ் ரூபி" ரூபியே இல்ல, சிவப்பு ஸ்பினல். ராஜாக்களே பல நூறு வருஷம் ஏமாந்திருக்காங்க, நான் ஒரு மத்தியானம் ஏமாந்தேன், அவ்ளோதான்.

விஷயத்துக்கு வரேன். ஏடு ஏடா பிரியற சிஸ்ட் பாறைக்கு நடுவுல ஒரு பெக்மடைட், அதாவது படிகமெல்லாம் பெருசு பெருசா வளந்த கிரானைட் வகைப் பாறை, ரெண்டு ஆள் அகலம் இருக்கும். வெள்ளை பெல்ட்ஸ்பார், புகை கலர்ல குவார்ட்ஸ், கை அகலத்துக்கு மஸ்கோவைட் மைக்கா, அதுக்கு நடுவுல கருகருன்னு சின்னச் சின்னதா ஏதோ. பெக்மடைட்ல கருப்பா ஏதாவது தெரிஞ்சா கை தானா டூர்மலின்னு எழுதிடும், பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாவும் இருக்கும், நானும் எழுதிட்டேன். கூட வந்த தம்பி ஒருத்தன் லென்ஸை வச்சுப் பாத்துட்டு, "அக்கா, இதுல கோடே இல்லயே"ன்னான்.

டூர்மலின் தூண் மாதிரி நீளமா வளரும், அந்தத் தூணோட நீளவாக்குல மெல்லிசா கோடு கோடா ஓடும், சீப்பு இழுத்த மாதிரி. இதுல அந்தக் கோடு இல்ல. ஆனா எனக்கு உடனே டவுட் வந்தது, ஏன்னா எனக்குத் தெரிஞ்சது ஒரு முக்கோணம், டூர்மலினைக் குறுக்க வெட்டினாலும் முக்கோணம்தான் தெரியும். லென்ஸை கண்ணு கிட்ட ஒட்டிக்கிட்டு கல்லைத்தான் முன்னாடி பின்னாடி நகத்தணும், நிறைய பேர் லென்ஸை கல்லு கிட்ட வச்சுட்டு தலையை தூரமா வச்சுப் பாக்கறாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. அப்படி பத்து மடங்கு லென்ஸ்ல பாத்தா வித்தியாசம் நல்லாவே புரியும்: டூர்மலின் முக்கோணத்தோட பக்கங்கள் வெளிய உப்பி இருக்கும், தொப்பை போட்ட முக்கோணம். இதோட பக்கம் மூணும் ஸ்கேல் வச்சு கிழிச்ச மாதிரி நேரா இருந்தது, மேல சின்னச் சின்னதா படிக்கட்டு மாதிரி இன்னும் ரெண்டு மூணு முக்கோணம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. எண்முகியோட ஒரு முகம் அது. எட்டு முக்கோணம் சேந்த உருவம், ரெண்டு பிரமிடை அடியோட அடி ஒட்டின மாதிரி. ஆனா பாறைக்குள்ள மாட்டியிருக்கிறப்ப முழுசா எங்க தெரியும், உடைஞ்ச வாக்கைப் பொறுத்து சதுரமாத் தெரியும், சாய்சதுரமாத் தெரியும், அறுகோணமாக்கூடத் தெரியும். அதனால ஒரே ஒரு மணியைப் பாத்து முடிவு பண்ணாம பக்கத்துல இருக்கிற பத்து மணியையும் பாருங்க, ஏதாவது ஒண்ணு உண்மையைச் சொல்லிடும்.

எண்முகின்னதும் அடுத்து கை மேக்னடைட்னு எழுதிடுச்சு. காந்தத்தை எடுத்தேன். இதுல ஒரு சின்ன சமாச்சாரம், நியோடிமியம் காந்தம் வச்சிருந்தா அதை நம்பாதீங்க, அதுக்கு இருக்கிற பலத்துக்கு இரும்பு கலந்த கார்னெட் கூட லேசா இழுபடும், இரும்பு அதிகமா கலந்த கானைட்டும் கொஞ்சம் அசையலாம். சாதாரண காந்தத்தை நூல்ல கட்டித் தொங்க விட்டு பக்கத்துல கொண்டு போனா போதும், மேக்னடைட்னா அது பாட்டுக்கு போய் ஒட்டிக்கும், சந்தேகமே வராது. எனக்கு லேசா ஆடுச்சு. லேசா ஆடினா என்னன்னு எழுதறது? கடைசில பாத்தா மைக்காவுக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு பொட்டு மேக்னடைட் இருந்திருக்கு, அதுதான் இழுத்திருக்கு. நம்ம ஆளை ஒரு சில்லு தனியா எடுத்து வச்சு காட்டினா நூல் அசையவே இல்ல.

இப்ப ஸ்ட்ரீக். நான் ரொம்ப நாள் தப்பாவே பண்ணிட்டிருந்த வேலை இது. ஸ்ட்ரீக்னா கனிமத்தோட பொடி நிறம், அதைப் பாக்க மெருகு போடாத வெள்ளை பீங்கான் பில்லையில தேய்ப்போம். தேய்ச்சேன், வெள்ளையா வந்தது, "ஸ்ட்ரீக் வெள்ளை"ன்னு எழுதினேன். ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் போற மோஸ் அளவுல அந்த பீங்கானோட கடினத்தன்மை ஏழுக்குக் கொஞ்சம் கீழ, கானைட் ஏழரையிலேர்ந்து எட்டு. அப்ப யாரு யாரைத் தேய்க்கிறா? நான் பாத்த வெள்ளைப் பொடி கனிமத்தோடது இல்ல, பில்லையோடது. பில்லையை துடைச்சுட்டு சாய்ச்சுப் பாத்தா அழகா ஒரு பள்ளம் விழுந்திருக்கு. இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு பழைய நோட்டு எல்லாத்தையும் எடுத்துப் பாத்து, எத்தனை கார்னெட்டுக்கு "ஸ்ட்ரீக் வெள்ளை"ன்னு எழுதியிருக்கேன்னு எண்ணினேன், எத்தனைன்னு இங்க சொல்ல மாட்டேன்.

கடினமான கல்லுக்கு என்ன பண்ணணும்னா, தேவையில்லாத ஒரு சில்லை மடிச்ச பேப்பருக்குள்ள வச்சு சுத்தியால நுணுக்கி, அந்தப் பொடியை வெள்ளைப் பேப்பர்ல விரலால தேய்ச்சுப் பாக்கணும், கண்ணாடி கண்டிப்பா போட்டுக்கோங்க, இதெல்லாம் நொறுங்கறப்ப ஊசி மாதிரி தெறிக்கும். கானைட்டோட பொடி சாம்பல் நிறம். மேக்னடைட்னா கருப்பு, குரோமைட்னா பிரவுன், பிராங்க்லினைட்னு துத்தநாகமும் இரும்பும் சேந்த இன்னொரு பங்காளி இருக்காரு அவருக்கு சிவப்பு கலந்த பிரவுன். எனக்கு வந்தது வெளிறின சாம்பல், அதோட இந்த மூணு பேரும் ஒரே அடியில அவுட்.

கடினத்தன்மை டெஸ்ட் அப்பவே முடிஞ்சிருச்சுன்னு சொல்லலாம், ஆனாலும் குவார்ட்ஸ்ல ஒரு இழு இழுக்கணும். பெக்மடைட்ல குவார்ட்ஸுக்கா பஞ்சம். நல்ல வழவழப்பான முகம் ஒண்ணு தேடி, நம்ம சில்லோட கூரான முனையால அழுத்தி ஒரு கோடு, அப்புறம் எச்சி தொட்டு துடைச்சுட்டு நகத்தால தடவிப் பாக்கணும், கோடு நகத்துல தட்டுப்பட்டா அது கீறல், துடைச்சதும் காணாமப் போனா அது வெறும் பொடி. தட்டுப்பட்டது. குவார்ட்ஸ் ஏழு, இது அதுக்கு மேல. ஆம்பிபோல், பைராக்சீன், துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட் மாதிரி மத்த கருப்புக் கனிமம் எல்லாம் இந்த இடத்துலயே வெளிய போயிடும், அதுவும் இல்லாம அவங்களுக்கெல்லாம் கிளீவேஜ் உண்டு, உடைச்சா பளிச் பளிச்னு தட்டையா மின்னும், இது உடைஞ்ச கண்ணாடி பாட்டில் மாதிரி வளைவு வளைவா உடைஞ்சது.

மிச்சம் இருந்தது கார்னெட். கஷ்டமே இங்கதான். கார்னெட்டும் கடினம், அதுக்கும் கிளீவேஜ் இல்ல, அதுவும் பெக்மடைட்லயும் சிஸ்ட்லயும் தாராளமா வரும், காந்தத்துல பெருசா ஒட்டாது, உருண்டையா வளந்து முகம் சரியா தெரியலன்னா லென்ஸும் கைவிரிச்சிடும். ராத்திரி கேம்ப்ல ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருந்த படிகம் ஒண்ணை, தானா மைக்காவுலேர்ந்து கழண்டு வந்தது அது, எடை போட்டுப் பாத்தேன். பாக்கெட் தராசு மேல தண்ணி டம்ளரை வச்சு, ஜீரோ பண்ணிட்டு, படிகத்தை மெல்லிய நூல்ல கட்டி தண்ணிக்குள்ள அடியில படாம தொங்க விட்டா, தராசு காட்டுற கிராம்தான் அந்தக் கல்லோட கன அளவு, கன சென்டிமீட்டர்ல. சும்மா எடை 3.28 கிராம், தண்ணிக்குள்ள தொங்க விட்டப்ப 0.71 காட்டுச்சு. வகுத்தா 4.62, ஆகா தூய்மையான கானைட்டுக்கே சொல்ற அடர்த்தின்னு குதிச்சேன். அப்புறம் பாத்தா கல்லோட மேல் முனை தண்ணிக்கு வெளிய எட்டிப் பாத்துட்டு இருக்கு, முழுசா முங்கவே இல்ல, அதான் கன அளவு கம்மியா காட்டியிருக்கு. முழுசா முங்கற மாதிரி நடுவுல தொங்க விட்டு, மேல ஒட்டியிருந்த காத்துக் குமிழியை ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விட்டு விரட்டிட்டு, மூணு தடவை எடுத்தேன், 0.76. அப்ப 4.3 வாக்குல.

அது என்ன சொல்லுதுன்னா: டூர்மலின் மூணுலேர்ந்து மூணேகால் வரைக்கும்தான், சாதா ஸ்பினல் 3.6, மேக்னடைட் 5.2, எல்லாரும் தள்ளிப் போயிட்டாங்க. கானைட் நாலுலேர்ந்து 4.6 வரைக்கும் எங்க வேணா இருக்கும், உள்ள எவ்ளோ இரும்பு, மக்னீசியம் கலந்திருக்குன்னு பொறுத்து. ஆனா அல்மண்டின்ங்கிற இரும்பு கார்னெட்? 4.3. சரியா அதே நம்பர்! தராசை தூக்கிப் போடலாம்னு இருந்தது.

டார்ச்தான் காப்பாத்துச்சு. ஒரு சில்லை மெல்லிசான ஓரம் மேல வர மாதிரி பிடிச்சு, பின்னாடியிலேர்ந்து டார்ச் அடிச்சா, கருப்புக்குள்ள இருக்கிற நிஜ கலர் ஓரத்துல மட்டும் கசியும். கார்னெட்னா, இந்த மாதிரி பாறையில வரது, சிவப்போ ஆரஞ்சோ பிரவுனோ கலந்து தெரியும். எனக்குத் தெரிஞ்சது நீலம் கலந்த கரும்பச்சை, குளத்துத் தண்ணியோட அடியாழம் மாதிரி ஒரு பச்சை, நகம் அளவு கூட இல்ல, முடி அகலத்துக்கு ஒரு கீத்து. அதைப் பாத்துட்டுதான் வேற பேனா எடுத்து நாலாவது பேரை எழுதினேன்.

மறுநாள் சார் நோட்டைப் பாத்தாரு. தராசுல வந்த நம்பரையோ டார்ச்ல தெரிஞ்ச கலரையோ அவரு கண்டுக்கவே இல்ல. "என்னம்மா, இது யாரு பக்கத்துல உக்காந்திருக்குன்னு எழுதவே இல்லயே?"ன்னாரு. நான் முழிச்சேன். "குவார்ட்ஸைத் தொட்டுக்கிட்டு இருக்கா, நடுவுல வேற ஏதாவது இருக்கா, போய் பாத்துட்டு வா."

இது எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. சாதா மக்னீசியம் ஸ்பினலுக்கும் குவார்ட்ஸுக்கும் ஆகாது, ரெண்டும் ஒண்ணா இருந்தா வினைபுரிஞ்சு கார்டியரைட் மாதிரி வேற ஒரு கனிமமா மாறிடும். ரெண்டும் ஒட்டி உறவாடி இருந்தா அது பூமிக்குள்ள தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல வெந்த பாறையா இருக்குமோன்னு ஆராய்ச்சியாளர்கள் ஓடி வருவாங்க. அதனால ஸ்பினலை பொதுவா குவார்ட்ஸ் இல்லாத இடத்துலதான், மார்பிள் மாதிரி சிலிக்கா கம்மியான பாறையிலதான் தேடணும். ஆனா மக்னீசியம் இடத்துல துத்தநாகம் வந்து உக்காந்துட்டா கதையே மாறிடும், அந்த ஸ்பினல் குவார்ட்ஸ் பக்கத்துல நிம்மதியா இருக்கும், அதுக்கு அவ்ளோ சூடும் தேவையில்ல. இந்தக் காரணத்தாலயே, குவார்ட்ஸும் ஸ்பினலும் ஒட்டியிருக்கிறதைப் பாத்து பாறை பயங்கரமா வெந்துச்சுன்னு சொல்ல வரவங்களைக் கூட, முதல்ல துத்தநாகம் எவ்ளோ இருக்குன்னு பாருப்பான்னு கேப்பாங்க. கிரானைட் பெக்மடைட், சுத்தியும் குவார்ட்ஸ், மக்னீசியத்துக்கு அங்க வழியே இல்ல, அந்த இடத்துல ஒரு எண்முகி பச்சையா உக்காந்திருக்குன்னா முதல்ல கூப்பிட வேண்டிய பேரு கானைட்தான். நான் மணியை மட்டும் முறைச்சுப் பாத்துட்டு இருந்தேன், அது இருந்த தெருவைப் பாக்கல.

போய் பாத்தேன், அந்தக் கருப்பு மணிங்கள்ல நாலு, நேரடியா குவார்ட்ஸைத் தொட்டுக்கிட்டு இருந்தது. ஒரு கேள்விக்குறியை அடிச்சேன். ரெண்டாவதை அடிக்க சார் விடல.

இந்த "யாரு பக்கத்துல" விஷயம் பெக்மடைட்டோட நிக்காது. ஆஸ்திரேலியாவுல புரோக்கன் ஹில் மாதிரி, பூமிக்குள்ள வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் உருமாறின ஈய துத்தநாக தாதுப் படிவுகளைச் சுத்தி இருக்கிற பாறையில கானைட் இருக்கும். ஸ்பாலரைட்ல இருக்கிற துத்தநாகம், வெப்பத்துல கந்தகத்தை விட்டுட்டு அலுமினியம் உள்ள கனிமத்தோட சேந்துக்கும்போது கானைட் உருவாகும்னு சொல்வாங்க. வேடிக்கை என்னன்னா ஸ்பாலரைட் மென்மை, மழையிலயும் வெயில்லயும் கரைஞ்சு போயிடும், கானைட் ஆசிடுக்கே அசையாத கல்லு, அது பாட்டுக்கு மண்ணுலயும் ஓடை மணல்லயும் உக்காந்திருக்கும். அதனால தாது தேடுறவங்க மணலை அலசி, கனமான மணிகளைப் பிரிச்சு, அதுல கானைட் இருக்கான்னு பாக்கறது உண்டு. ஆனா எல்லா கானைட்டும் தாதுவைக் காட்டாது, எங்களோடது மாதிரி வெறும் பெக்மடைட்லேர்ந்தும் வரும், அதுக்கு உள்ள இருக்கிற மக்னீசியம், இரும்பு, துத்தநாக விகிதத்தைப் பாத்து எந்தப் பாறை குடும்பத்துலேர்ந்து வந்ததுன்னு பிரிப்பாங்க. அது ஃபீல்ட் வேலை இல்ல.

பேரு பத்தி ஒரு துணுக்கு சொல்லாம விட மனசு வரல. ஸ்வீடன்ல ஃபாலுன் சுரங்கத்துலேர்ந்து கிடைச்ச இந்தக் கனிமத்துக்கு எகெபெர்க், டான்டலம்ங்கிற உலோகத்தைக் கண்டுபிடிச்சவரு, 1806ல வச்ச பேரு ஆட்டோமொலைட், கிரேக்கத்துல "கட்சி மாறி ஓடினவன்"னு அர்த்தம், பாக்க துத்தநாக தாது மாதிரியே இல்லாத ஒரு கல்லுக்குள்ள துத்தநாகம் போய் ஒளிஞ்சிருக்கேன்னு. அந்தப் பேரு நிக்கல, அடுத்த வருஷமே கானைட்னு வச்சுட்டாங்க, யோஹான் காட்லீப் கான் ஞாபகமா, மாங்கனீஸை 1774ல உலோகமா பிரிச்சவரு. அந்த கான் ஊதுகுழல் டெஸ்ட்ல, அதாவது சுடரைக் குழாயால ஊதி கல்லைச் சுட்டுப் பாக்கறதுல, பெரிய கில்லாடி, பெர்சீலியஸ்ங்கிற பெரிய வேதியியலாளருக்கே அதைக் கத்துக் கொடுத்தவரு. கானைட்டுக்கு பழைய பாடப்புத்தக டெஸ்ட்டும் ஊதுகுழல்தான்: பொடியை சோடாவோட கலந்து கரித்துண்டு மேல வச்சு ஊதினா, சுத்தி துத்தநாக ஆக்சைடு படியும், சூடா இருக்கிறப்ப மஞ்சள், ஆறினா வெள்ளை. தம்பி இதை ட்ரை பண்றேன்னு சொல்லி ஒரு மணி நேரம் ஊதி கன்னம் வலிச்சதுதான் மிச்சம். கல்லு அப்படியே கிடந்தது, பொடி போதுமான அளவு நைசா அரைக்கலன்னு நினைக்கிறேன், அவன் ஊதினது சரியில்லன்னு நான் சொல்லல.

அப்புறம் லேப். எக்ஸ்ரே அடிச்சு அணு அடுக்கைப் பாக்கிற எக்ஸ்ஆர்டிக்கு அனுப்பினா எல்லாம் தெளிவாயிடும்னு நினைப்போம்ல, ஸ்பினல் குரூப்ல அதுவும் கொஞ்சம் கழுத்தறுக்கும், ஏன்னா சாதா ஸ்பினலோட அணுக்கூடு ஒரு பக்கம் 8.08 ஆங்ஸ்ட்ராம், கானைட்டோடது 8.09, கோடுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழும், எந்தக் கோடு எவ்ளோ பலமா இருக்குன்னு பாத்துதான் பிரிக்கணும். எக்ஸ்ரே அடிச்சு என்னென்ன தனிமம் இருக்குன்னு சொல்ற, கையில பிடிக்கிற எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி துத்தநாகத்தை உடனே காட்டிடும், ஆனா மக்னீசியம் மாதிரி லேசான தனிமத்துல தடுமாறும், அதுவும் இல்லாம அது பாக்கிற வட்டத்துக்குள்ள பக்கத்துல ஒரு பொட்டு ஸ்பாலரைட் இருந்தா அந்த துத்தநாகத்தையும் சேத்துக் கணக்கு சொல்லும். லேசர் ஒளி அடிச்சுப் பாக்கிற ராமன் டெஸ்ட் நல்லா வேலை செய்யும், கானைட்டுக்கு அலை எண் 420, 660 பக்கத்துல கோடு. ஆனா உள்ள எத்தனை பங்கு துத்தநாகம், எத்தனை பங்கு இரும்புன்னு தெரிய, எலக்ட்ரான் கதிரால ஒரு பொட்டை அலசற மைக்ரோப்ரோப்தான். அது தெரிஞ்சாதான் பேரே வைக்க முடியும், ஏன்னா கானைட்டும், இரும்பும் அலுமினியமும் உக்காந்த பங்காளி ஹெர்சினைட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்தே இருக்கும், துத்தநாகம் இரும்பை விட அதிகம்னா கானைட், இரும்பு அதிகம்னா ஹெர்சினைட், மெஜாரிட்டி யாரோ அவங்க ஆட்சி. கண்ணால பாத்து அந்தக் கோட்டை யாராலயும் போட முடியாது, அதனாலதான் சார் ரெண்டாவது கேள்விக்குறியை அடிக்க விடல.

ரிசல்ட் வந்தது, கானைட்தான், இரும்பு கணிசமா கலந்தது, அந்தக் கருப்புக்கும் காரணம் அதுதான். சும்மா சொல்லக் கூடாது, ஒரு வாரம் தரையில நடக்கல நான்.

அதுக்கப்புறம் வந்தது பாருங்க வினை. ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு ட்ரிப்ல, மார்பிள்ல கரும்பச்சை எண்முகி ஒண்ணு, குவார்ட்ஸைக் கீறுச்சு, காந்தம் அசையல, டார்ச்ல பச்சை. நான் பெரிய மனுஷி மாதிரி தம்பிகிட்ட "கானைட், எழுதிக்கோ"ன்னேன். அவன் எழுதாம, "இங்க குவார்ட்ஸே இல்லயே அக்கா"ன்னான். வாயை மூடிக்கிட்டு தராசை எடுத்தேன், 3.7, இரும்பு கலந்த சாதா ஸ்பினல், பழைய புத்தகங்கள்ல பிளியோனாஸ்ட்னு இருக்கும். இத்தனைக்கும் மார்பிள்ல கானைட் வரவே வராதுன்னும் சொல்ல முடியாது, நியூஜெர்சியில பிராங்க்லின் சுரங்கப் பகுதியில மார்பிளோட சேந்தே இருக்கு, ஆனா அங்க மலையே துத்தநாகம்.

அந்த 3.28 கிராம் படிகம் இப்ப என் மேஜை மேல ஒரு சின்ன டப்பாவுல இருக்கு. ஒரு முனை உடைஞ்சிருக்கும், நான் பண்ணினதுதான், ரெண்டாவது தடவை குவார்ட்ஸ்ல இழுத்துப் பாக்கலாம்னு ஆசைப்பட்டு அழுத்தினதுல சில்லு தெறிச்சிடுச்சு, கடினமா இருந்தாலும் நொறுங்கற கல்லுன்னு புத்தி அப்ப வேலை செய்யல. லேபிள்ல "கானைட்"னு எழுதி, கீழ சின்னதா "குவார்ட்ஸ், மஸ்கோவைட்டோட"ன்னு எழுதியிருக்கேன். அதே பெக்மடைட்டோட இன்னொரு முனையிலேர்ந்து எடுத்த மணிங்க பக்கத்து டப்பாவுல இருக்கு, பாக்க அதே மாதிரிதான், லேபுக்கு இன்னும் அனுப்பல, அது லேபிள்ல கேள்விக்குறி அப்படியே இருக்கு.